கேமராவைப் பார்க்காமல்

அப்பா இந்தக் கதையில் இறந்துபோகிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்படி ஒரு செய்தியைக் கடைசிவரை மறைத்துவைத்திருந்து, படிக்கிறவர் அசந்த நேரத்தில் எடுத்துப் போடுவது சினிமாக்காரர்களின் வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் அவருடைய மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு, அவர் தன்னை நேராகப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு காட்சி, ஒரு நொடி, எங்கேயாவது மிஞ்சியிருக்காதா என்று அவள் தேடினாள். அவள் எடுத்த படத்திலேயே அது இருந்திருக்க வேண்டும். எப்படி இல்லாமல் போனது என்பதுதான் விஷயம்.

சினிமா படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துத் தர வேண்டும். அவளுடைய கதையைப் பேருந்துக்காக நிற்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். வேலை போய்விட்ட ஒருவர் அதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் வேலைக்குப் போகிறவர்போலவே கிளம்பிப் போகிறார். படத்தின் முதல் காட்சியில் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். ஒரு மனுஷன் வீட்டைவிட்டுப் புறப்படுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சினிமா படிக்காத பாக்கியசாலிகள். அவள் அந்தப் புறப்பாட்டை மாதக்கணக்கில் யோசித்தாள்.

ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு சின்ன அட்டையில் பொம்மையாக வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். அலாரம் அடிக்கிறது. ஒரு கை அதை நிறுத்துகிறது. குழாயிலிருந்து தண்ணீர். டூத்பிரஷ். கண்ணாடியில் பாதி முகம். சீப்பு. சட்டைப் பொத்தான். செருப்பு. அம்மா பால் எடுக்கப் போனால் ஏதாவது ஒரு ஷாட் கீழே விழும். அம்மா அதை எடுத்து, கைக்கு எட்டின இடத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடுவாள். அதனால் கதாநாயகன் ஒரு நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு பல் தேய்த்தார். மறுநாள் தலை வாரிக்கொண்ட பிறகு தூக்கத்திலிருந்து எழுந்தார்.

“என் படத்தை யாரும்மா கலைச்சது?”

“நான் எதையும் கலைக்கல. உன் ஆளு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறான். நல்லா பசை போட்டு ஒட்டு.”

கல்லூரியில் எடிட்டிங் சொல்லித்தரும் ஆசிரியர் அந்த அட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தார். சிடுமூஞ்சிதான், ஆனால் கெட்டவர் இல்லை. வருடக்கணக்காக மாணவர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு அலாரம் என்றாலே ஆகாமல் போயிருந்தது.

“எல்லாரும் அலாரத்துலதான் ஆரம்பிக்கறீங்க. அது அடிச்சதும் எனக்குத் தூக்கம் வந்துடுது,” என்றார். “இது ஒரு ஆளு வீட்டைவிட்டுக் கிளம்பறதா, இல்ல குளியலறைச் சாமான் விளம்பரமா? இவன் வீட்டுல எல்லார்கிட்டயும் பொய் சொல்றான். அது எந்த அட்டையில இருக்கு?”

எந்த அட்டையிலும் இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

கதாநாயகனாக நடிக்க ஒத்துக்கொண்டிருந்தவர் அப்பா. ஒத்துக்கொண்டார் என்பதே பெரிய வார்த்தை. வேறு ஆள் கிடைக்கவில்லை, அவர் வீட்டில் சும்மா இருந்தார், அவ்வளவுதான். முந்தின வருடம்தான் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போனால் வரிசையில் நிற்கிறவர்களை உள்ளே தள்ளி நிற்கச் சொல்வார். வீட்டுக்கு யாராவது வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, இந்த ஆள் எங்கே ஏறினார், எங்கே இறங்குவார் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வார். மகளின் முகத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

“என்ன டைரக்டரம்மா, வண்டி நடுவழியில நின்னுடுச்சா?”

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் நின்று அட்டைகளை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுக்கு இத்தனை ஸ்டாப்பிங்? பாயின்ட் டு பாயின்ட் விட்டுடு. ரூம்ல ஏத்தி தெருவுல இறக்கிடு. வேலை முடிஞ்சுது.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அதில் ஏதோ பிடிபட்டது. அட்டைகளையெல்லாம் பிய்த்துப் போட்டாள். ஒரே ஷாட். அறையைவிட்டு வெளியே வருகிறார், நிற்காமல் நடக்கிறார், கதவைத் திறந்து தெருவில் இறங்கிப் போய்விடுகிறார். நிற்கக் கூடாது என்பது அப்பா சொன்னது. போகிற வழியில் யாரையும் பார்க்கவும் கூடாது என்பது அவளே சேர்த்துக்கொண்டது. பொய் சொல்லிவிட்டுப் போகிறவன் வீட்டு மனுஷர்களின் முகத்தைப் பார்க்க மாட்டான். பொய் அந்தப் பார்க்காததில்தான் இருக்கிறது. ஆசிரியர்கூட அதைக் கேட்டுவிட்டு, “சரி, எடுத்துட்டு வா,” என்றார். அவர் அகராதியில் அதற்குப் பாராட்டு என்று அர்த்தம்.

வீடு ஒன்றும் பெரிதில்லை. படுக்கையறையிலிருந்து வாசல்வரை ஒரு குறுகலான நடைவழி, சமையலறையில் இடமில்லாததால் அதன் திருப்பத்தில் நிற்கும் ஃபிரிட்ஜ், அதற்கு எதிர்ச்சுவரில் மின்சாரப் பெட்டி. கேமராவை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா அதை உரசாத குறையாகக் கடந்து போக வேண்டும். எதிரே வரும்போது அவர் முகம், தாண்டினதும் கேமரா அப்படியே திரும்பி அவர் முதுகு, திறந்த கதவு, தெரு வெயில்.

கேமராவைப் பிடித்தவன் அவளுடைய வகுப்புத் தோழன் ஒல்லி. அந்தப் பட்டப்பெயருக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவன் அந்த நடைவழியில் நின்றால் வேறு ஒருவர் போக வேண்டுமானால் அவனிடம் விண்ணப்பம் போட வேண்டும். அவனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில் இருந்த சந்தில் அவள், கேமராவில் பதிவாவதைக் காட்டும் ஒரு சின்ன மானிட்டரை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் டேக்கில் அப்பா அறையிலிருந்து வந்தார், ஒழுங்காக நடந்தார், கேமராவுக்குப் பக்கத்தில் வந்ததும் மகளைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

“கட். அப்பா, கேமராவைப் பாக்கக் கூடாது.”

“கேமராவை யாரு பாத்தா? உன்னைத்தான் பாத்தேன்.”

“என்னையும் பாக்கக் கூடாது. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க.”

“நீ இல்லைன்னா யார்கிட்ட சொல்லிட்டுப் போறதாம்?”

“யார்கிட்டயும் சொல்லிக்காம போறீங்க. அதான்பா படமே.”

“சரி சரி. நீ இல்ல,” என்று அவர் மறுபடி அறைக்குள் போனார்.

அடுத்த தடவை தலையாட்டவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதற்கடுத்த தடவை, இப்போது பார்க்கவில்லை பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தார். இன்னொரு தடவை பாதி தூரம் வந்து, “ரைட், ரைட்” என்று கேமராவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஒல்லி சிரித்த சிரிப்பில் படம் முழுவதும் நிலநடுக்கம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது.

“ஏம்பா இப்படிப் பண்றீங்க?”

“வேணும்னேவா பண்றேன்? ஏறின முகத்தையெல்லாம் பாத்துப் பழகின கண்ணு. அதுவா திரும்பிடுது பாப்பா.”

இங்கே அவர்களுடைய வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நன்றாக வந்த டேக் ஓகே, வராதது குப்பை. கல்லூரி கொடுத்திருந்த மெமரி கார்டு சின்னது, பல பேர் பங்குபோட்டுக்கொள்வது. அதனால் அவள் இரண்டு சட்டம் போட்டிருந்தாள். ஒன்று, அவள் ‘கட்’ சொன்ன அந்த நொடியில் ஒல்லி கேமராவை நிறுத்திவிட வேண்டும். இரண்டு, ஓகே ஆகாத டேக்குகளை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஒல்லிக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

“கட்டுக்கு அப்புறமும் கொஞ்சம் ஓடட்டுமே. எடிட்டிங்ல வெட்டிக்கலாம்.”

“வெட்டறதுக்காக எடுக்கணுமா? இடம் இல்லடா.”

“சரி, அந்த ‘ரைட் ரைட்’டையாவது வெச்சுக்கலாம். நல்லா இருந்துச்சு.”

“குப்பையைச் சேத்து வெச்சு என்ன பண்ணப் போறோம்?”

சொல்லிவிட்டு அவளே அழித்தாள். தலையாட்டின அப்பா, புருவம் உயர்த்தின அப்பா, கேமராவின் முதுகில் தட்டின அப்பா, ஒவ்வொருவராகப் போனார்கள். அழிக்கட்டுமா என்று அந்தக் கருவி ஒவ்வொரு தடவையும் கேட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் ஆம் என்றாள்.

கடைசியில் ஒரு டேக்கை ஓகே என்று வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டினாள். அவர் திரையை நிறுத்தி, பேனாவால் அப்பாவின் கண்ணைத் தொட்டுக் காட்டினார். “இதோ, ஒரு துளி பாத்துட்டாரு. இங்கதான் படம் உடையுது. பொய் சொல்றவன் பார்வை இல்ல இது. வீட்டுல யாரையோ பாத்துச் சந்தோஷப்படறவன் பார்வை.”

வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அந்தக் கோபத்தை அப்படியே வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தாள். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவை என்னைப் பாக்காம போக முடியாதா உங்களால? எல்லாரும் செய்யறதுதானே? சின்னக் குழந்தைகூட ரெண்டு தடவை சொன்னா கேக்கும்.”

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளை மடித்தார். பதிலுக்கு ஏதாவது கிண்டல் வரும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். “முயற்சி பண்றேன் பாப்பா,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் மறுபடி கேமராவை வைத்தார்கள். பழைய ஓகேயை அழித்து இடம் பண்ணிக்கொண்டார்கள். அன்றைக்கு அப்பா வேறு ஆளாக இருந்தார். அறையிலிருந்து வந்தார், முகத்தில் ஒன்றுமில்லை. கேமராவை நெருங்கும்போது தலையை லேசாக மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தாண்டினார். கதவைத் திறந்தார், படியிறங்கினார், தெருவுக்குப் போனார். “கட்,” என்றாள் அவள். ஒல்லியின் விரல் உடனே அழுத்தியது. வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“சரியா இருந்துச்சா பாப்பா?”

“ஓகே,” என்றாள்.

ஒரே டேக். படத்தில் அவருக்கு வேறு வேலை அதிகமில்லை, மீதிக் காட்சிகளில் அவர் பூங்கா பெஞ்சிலும் பேருந்து நிறுத்தத்திலும் தனியாக உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் தூரத்தில். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தார். ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை. கல்லூரிக்குப் போயிருந்த மகளை ஒல்லிதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வழி முழுவதும் அவன் அழுதுகொண்டே ஓட்டினான், அவள் பின்னால் உட்கார்ந்து, பார்த்து ஓட்டு, பார்த்து ஓட்டு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

மாட்டிவைக்க ஒரு போட்டோ வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். தேடிப் பார்த்ததில் வேலை அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் கிடைத்தது. டிக்கெட் வாங்காதவனைப் பிடித்துவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அதையே பெரிதாக்கிக்கொண்டு வந்து மாட்டினார். அம்மா அதை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

“இது அவரு மூஞ்சியே இல்ல,” என்றாள் மகளிடம். “உன் படத்துக்காக எத்தனை நாள் நடந்தாரு. அதுல நம்மளைப் பாக்கற மாதிரி ஏதாவது இருக்கும். அதை எடுத்துப் போடு, பாக்கணும்போல இருக்கு.”

“தேடித் தர்றேம்மா.”

தேடினாள். முதலில் கைபேசியில் இருந்த வீட்டு வீடியோக்களையெல்லாம் பார்த்தாள். பிறந்தநாள், கடற்கரை, வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்த நாள். எல்லாவற்றையும் எடுத்தவர் அப்பா. அம்மா இருக்கிறாள், அவள் இருக்கிறாள், உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அப்பா இருப்பது குரலாக. இந்தப் பக்கம் திரும்புங்க, சிரிங்க, கிட்ட வாங்க. சிலவற்றின் ஓரத்தில் அவர் விரல்நுனி மங்கலாகத் தெரிந்தது. அவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது அவள் படத்தில் மட்டும்தான்.

ஒல்லியிடம் போனாள். அழித்ததை மீட்கிற மென்பொருள் எதையெதையோ போட்டு அவன் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தான். அந்தக் கார்டு இவர்களுக்குப் பிறகு வேறு பேர் கைக்குப் போய், அதில் யாரோ ஒருவருடைய ஆவணப்படத்துக்காக மீன் சந்தை முழுவதும் ஏறியிருந்தது. மீட்டெடுத்ததில் மீன்கள்தான் வந்தன. அப்பாவின் ஒரு துண்டுகூட வரவில்லை. நான் அன்னைக்கே சொன்னேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மிஞ்சியிருந்தவை, கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் லேப்டாப்பில் ஏற்றிவைத்திருந்த ஓகே டேக்குகள். ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தாள். பெஞ்சில் அப்பா தரையைப் பார்த்தார். நிறுத்தத்தில் அப்பா சாலையைப் பார்த்தார். எல்லாம் நேர்த்தியாக இருந்தன. அவள் என்ன சொன்னாளோ அதை அப்பா அப்படியே செய்திருந்தார்.

ஆசிரியர் அவளுக்கு அவகாசம் கொடுத்திருந்தார். ஆனாலும் படத்தை முடித்தாக வேண்டுமே. முதல் காட்சியைத் தயார்செய்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அது அவளுடைய அப்பா என்பதும், இப்போது இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் முதலில் குறை தேடாமல் பார்த்தார். பிறகு தொழில் அவரை விடவில்லை.

“இந்த இடம்,” என்றார். “கேமரா பக்கத்துல வரும்போது தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கறாரு பாரு. எவ்வளவு சின்ன அசைவு. ஒரு வீட்டையே ஏமாத்தற குற்ற உணர்ச்சி அதுல இருக்கு. நீ சொல்லிக் கொடுத்ததா?”

அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் ஏன் திருப்பிக்கொண்டார் என்பதும் அவளுக்குத் தெரியாது. “ஆமா சார்,” என்றாள். அந்த இடத்தில் எல்லா மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

“எதையும் மாத்தாதே,” என்றார் அவர்.

அம்மாவிடம் தேடுகிறேன், தேடுகிறேன் என்று எத்தனை நாள் தள்ளிப்போட முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு அம்மா கேட்டாள், “கிடைச்சுதா?”

அவள் உண்மையைச் சொன்னாள். எல்லாம் இருந்தது, அவர் பார்த்ததெல்லாம் தப்பு என்று தானே அழித்துவிட்டாள், மீட்கவும் முடியவில்லை, இருப்பது பார்க்காதது மட்டும்தான். சொல்லி முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தாள். அம்மா திட்டுவாள் என்று இருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “பாக்காததையே போடு. பாப்போம்.”

லேப்டாப்பைத் திறந்து போட்டாள். அறைக் கதவு திறந்தது. அப்பா வந்தார். அவர் நெருங்கி வந்து, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கடந்து போனார்.

“கரண்ட் பெட்டி,” என்றாள் அம்மா.

“என்னம்மா?”

“கரண்ட் பெட்டியைப் பாத்துட்டுப் போறாரு. நீ அன்னைக்குத் திட்டிட்டுப் போனியே, அடுத்த நாள்ல இருந்து தினமும் நீ காலேஜ் போனதும் நடந்து பாத்தாரு. என்னை அந்த ஃபிரிட்ஜ் பக்கத்துல நிக்க வெச்சாரு. கேமராவுக்கு ஒரு டப்பா வேற, முகத்துக்கு நேரா பிடிச்சுக்கணுமாம். எனக்கு அடுப்புல வேலை கிடக்கு, இவரு வந்து வந்து போறாரு. நான் நின்னதுக்கே பாத்துட்டாரு. ஒவ்வொரு தடவையும் நான் கட்டு கட்டுன்னு கத்தினேன்.”

அம்மா சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

“நீ நிக்கும்போதே என்னால முடியல, புள்ள நிக்கும்போது எப்படிப் பாக்காம போறதுன்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன். அவளுக்கு மார்க்குங்க, எதுத்தாப்புல இருக்கற பெட்டியைப் பாத்துட்டுப் போயிடுங்கன்னு. அந்தப் பெட்டியிலயே கண்ணை நட்டு வெச்சுட்டு நடந்தாரு, பாவம்.”

அவள் காட்சியைப் பின்னால் இழுத்து மறுபடி போட்டாள். இதுவரை நூறு தடவை பார்த்த காட்சிதான். இப்போதுதான் தெரிந்தது. அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, பொய் இல்லை, நடிப்பே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, ஒரு மனுஷன் தன் மகளைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் நடந்து போனார். அவ்வளவு கஷ்டம் அது அவருக்கு. சின்னக் குழந்தைகூடக் கேட்கும் என்று அவரிடம் அவள் சொல்லியிருந்தாள்.

காட்சி ஓடியது. கதவு, படி, தெரு வெயில், முதுகு. அவள் குரல் ‘கட்’ என்றது. அந்தச் சொல்லுக்கும் ஒல்லியின் விரலுக்கும் இடையில் இருந்த இம்மியளவு நேரத்தில், வெயிலில் அவருடைய காது நகர்ந்தது, கன்னத்தின் ஓரம் தெரிந்தது. நின்றுவிட்டது.

அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். “திரும்பறாரு.”

“ஆமாம்மா.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். கேமராவை நிறுத்தியாச்சு.”

“ஆனா திரும்பினாருல்ல?”

“திரும்பித்தான் கேட்டாரு, சரியா இருந்துச்சா பாப்பான்னு.”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது. “அப்போ உன்னைப் பாத்திருப்பாரு. படத்துல இல்லைன்னா போகுது. அவ்வளவு நேரம் அடக்கி வெச்சிருந்ததையெல்லாம் சேத்து உன்னைப் பாத்திருப்பாரு. எப்படிப் பாத்தாரு, சொல்லு. நீ சொன்னா எனக்கு அது போதும்.”

அவள் வாயைத் திறந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சிரிச்சுக்கிட்டே பாத்தாரும்மா என்று ஒரு வரி, அம்மா அதை வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் அந்த மதியம் அவளுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. கதவு திறந்திருந்தது, வெயிலில் அப்பா நின்றார், அவர் குரல் வந்தது. அவள் குனிந்து மானிட்டரில் அவர் நடந்ததை ஓடவிட்டு, கண் இந்தப் பக்கம் வந்துவிட்டதா, வரவில்லையா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். ஓகே என்று சொன்னதும் மானிட்டரிடம்தான். நிமிர்ந்தபோது அவர் உள்ளே வந்து, அவளைத் தாண்டி, சட்டையை மாற்ற அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“தெரியலம்மா,” என்றாள். “நான் அவரைப் பாக்கல.”

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை நாள் வராதது மொத்தமும் சேர்ந்து வந்தது. அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அம்மா பிடித்த கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு கையால் தடவித் தடவி எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடி, அவரை மறுபடி முதலிலிருந்து நடக்கவிட்டாள்.